பஸ் இல்லையம்மா, பேஸ்

டேய் மச்சான்,

இன்று காலையும் மாசாயில் என் வீட்டுக்கு எதிரே உள்ள சந்திப்பில் ஒரு தொழிற்சாலை பஸ் சிவப்பு விளக்குக்காக நின்றது. டீசல் வாடை கூடம்வரை வந்தது. இஞ்சின் உறுமலில் ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கியது. உன் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிக்கும் இதே சுருதிதான் என்று நீ அடித்துச் சொல்வாய். பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஆயுள் முழுக்க ஓட்டியவன் சொன்னால் மறுக்க நான் யார்? வெறும் லீட் கிட்டார் சக்கரவர்த்தி. நான் கம்பியை ஒரு இழு இழுத்தால், நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் துணி காயப்போட்டவர்கள் இடிமழை என்று வாரிக்கொண்டு ஓடுவார்கள்.

இப்படி நான் அளந்தால், "அலமாக், அங்கயுமா கேட்டுச்சு?" என்று வாய்பிளந்து எடுத்துக்கொடுக்க நீ இல்லை. பொய்க்கும் பக்கவாத்தியம் வேண்டியிருக்கிறது, மச்சான்.

போன சனிக்கிழமை உன் நினைவாக நம் ராக் குழு மண்டபத்தில் வாசித்தது. டிரம்மைச் சோதிக்கும் இரைச்சலுக்கு நடுவே அறிவிப்பாளர் பெண் என்னிடம் வந்தாள். "அங்கிள், அவரு குரூப்ல என்னா செஞ்சாரு?"

"பேஸ்மா."

மேடைக்குக் கீழே மைக்கைப் பிடித்தவள், "குழுவின் பஸ் ஓட்டுநராக நீண்டகாலம் சேவையாற்றிய அமரர்..." என்று தொடங்கிவிட்டாள்.

முன்வரிசையில் உன் மனைவி. மேடையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடினேன். "பஸ் இல்லம்மா, பேஸ்!" என்ற என் கூச்சல் இரைச்சலில் போயிற்று. உன் மனைவிதான் என்னைத் தடுத்தாள். "விடுங்கண்ணே. பஸ்ஸும் ஓட்டுனாருதானே லா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ இருந்தபோதும் இதே கதைதான். சாஆ ஊரில் நடந்த கல்யாணத்துக்கு எங்களை உன் பஸ்ஸிலேயே ஏற்றிப்போனாய். மாப்பிள்ளையின் மாமா உன்னை வாசலில் மறித்து, "டிரைவருக்கெல்லாம் பின்னால சாப்பாடு, தம்பி," என்றார். நான் சீறினேன். நீ பின்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு மேடைக்கு வந்தாய். "ஆட்டுக்கறி போட்டாங்கடா. ஒங்களுக்கு வெறும் மீகூன் நூடுல்ஸ்தான்," என்று என் காதில் ஓதினாய்.

அன்று என் தனி வாசிப்பு செவ்வாய் கிரகம்வரை போய்விட்டது. திரும்பும் வழி தெரியவில்லை. நீ தலை நிமிரவே இல்லை. இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்ப ஊன்றினாய். அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் இறங்கினேன். கைதட்டல் முழுவதும் எனக்கு. பிறகு கேட்டபோது, "நீ எங்க வேணும்னாலும் போடா. நான் ஸ்டாப்புலதான் நிப்பேன்," என்றாய்.

ஜனங்கள் பார்த்தது என் விரல்களை. அவர்களின் கால்களை ஆட்டியவை உன் விரல்கள். டிரம்மின் இடியையும் என் மின்னலையும் ஒரே பாட்டாகக் கட்டிவைத்தவன் நீ. இதை அந்த மண்டபத்துக்கு எப்படிப் புரியவைப்பது? அதனால்தான் சனிக்கிழமை உன் இடத்தில் ஆளே போடாமல் வாசித்தோம்.

பாட்டு தகர டப்பாவாக உருண்டது. கைதட்ட வந்தவர்கள் பாதியில் நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒலிபெருக்கிக்காரத் தம்பி ஓடிவந்தான். "அண்ணே, பெரிய ஸ்பீக்கர் அவுட்டு போல. அடியில சத்தமே இல்ல!"

மைக்கில் சொன்னேன்: "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, தம்பி. போனது அவன்தான்."

ஏழு உலகமும் எழுந்து நிற்கும்படி ஒரு புகழுரை வைத்திருந்தேன். அதைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் உன் மனைவி வந்தாள். இப்போது சிரிக்கவில்லை. "கல்யாணமானதுலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேண்ணே. எது அவரு சத்தம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

தெரிந்த அன்று அந்தச் சத்தம் இல்லை.

அதனால்தான் பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கிறேன். பச்சை விழுந்ததும் பஸ் போய்விடுகிறது. நீ எங்கே வேண்டுமானாலும் போ, மச்சான். இப்போது ஸ்டாப்பில் நிற்பது நான். கண்ணாடி அடங்கிய பிறகும் கையை எடுக்காமல் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.