றொசானாவின் கலியாண விபரத்தைப் பூட்டுவதற்கு முன்

றொசல்ல,
12.07.2005

அன்பு மகள் றொசானாவுக்கு,

மழையையும் அப்பாவின் சளித் தடிமனையும் தவிர இங்கே குறையில்லை, மிலானில் உன்னையும் மாதா நல்லபடி வைத்திருக்க வேண்டும். கனடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன வாரம் பேசினார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் நீங்கள் அதிகாரியாமே என்று அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். அவர், "இல்லீங்க, நான் கொழுந்து வாட்டுற ஆளு" என்று சொல்ல, பிறகு பேசுகிறோம் என்று வைத்துவிட்டார்கள். நான் கணினியில் அடித்து அனுப்பிய உன் கலியாண விபரம் கொழும்பில் பிலோமினா அத்தையின் கை வழியாகத்தான் போனது. கேட்டால் சிரிக்கிறாள். "எல்லாரும் செய்றதுதானே அண்ணி, ஒரு வரிய கொஞ்சம் வெளிச்சமாப் போட்டேன், அதுக்குப் போயி" என்கிறாள். அப்பா அன்றிலிருந்து போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அதனால் வாசிக்க மட்டும் முடிகிற, யாரும் கைவைக்க முடியாத மாதிரி அனுப்ப வழி கேட்டு ஹட்டனில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருக்கும் லக்ஸ்மனின் கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன், போகும்போது இருந்த தெளிவு திரும்பும்போது இல்லை. பீ.டி.எப். ஆக்க வேண்டுமாம், ஆக்கித் தரும் மென்பொருள்களோ பல. ஒன்று தமிழ் எழுத்தைக் கூடவே கொண்டுபோகாது, அந்த எழுத்து இல்லாத கணினியில் உன் பெயரே ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். இன்னொன்று கொண்டுபோகிறது, ஆனால் உன் ஞானஸ்நானத் திகதிக்குக் கீழே தன்னை வாங்கச் சொல்லி விளம்பரம் போடுகிறது. மூன்றாவதில் பூட்டு உண்டு, திறக்க ஒரு பாஸ்வேர்ட், மாற்ற வேறொன்று, எதை யாருக்குக் கொடுப்பதென்று இரண்டு தடவை கேட்டும் எனக்குப் புரியவில்லை. கடைசியில் அவனே, "எந்தப் பூட்டுப் போட்டாலும் டீச்சர், மாத்த நெனைக்கிறவங்க புதுசா அடிச்சிருவாங்களே" என்றான். அப்படியானால் எதற்கு இவ்வளவும் என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க யோசித்தேன்.

மூன்று விதமாகவும் மாதிரிக்கு உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், எது ஒழுங்காகத் திறக்கிறது என்று பார். ஆனால் நேற்று அத்தை திரும்பப் போன் எடுத்து, அந்த வரியை மாற்றச் சொன்னதே நீதான் என்கிறாள். நம்புவதா என்று தெரியவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. உண்மையென்றாலும் கோபிக்க மாட்டேன், அங்கே நீ எப்படிப்பட்டவர்கள் நடுவில் நிற்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவின் வேலை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். என்ன போட வேண்டும் என்று நீ சொல், அதைப் போட்டுப் பூட்டுகிறேன்.

வெயிலில் வெறும் வயிற்றோடு பூசைக்குப் போகாதே. ஆண்டவர் உன்னோடு இருப்பார். பதிலை மட்டும் தபாலில் எழுது மகள், மின்னஞ்சலை எனக்கு லக்ஸ்மன்தான் திறந்து தருகிறான்.

உன் அம்மா,
இசபெல் சூசைரட்ணம்