மன்றாட வேண்டாம் என்ற அக்காவுக்கு

என் அன்பு அக்கா,

நீங்கள் போய்ப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. ஹவுன்ஸ்லோ வீட்டில் உங்கள் மகள் அனிற்றா இருக்கிறாள். கறிவேப்பிலைச் சாடியைக் குளிருக்கு உள்ளே எடுத்து வைத்திருக்கிறாள். நான் இன்னமும் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விமான நிலையச் சமையலறையில் ஷிப்ட் முடிந்து, நூலகத்தில் நீங்கள் லொலார்டுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். புரட்டஸ்தாந்து என்ற சொல் பிறக்குமுன்பே, அறுநூறு வருடங்களுக்கு முன், இதே இங்கிலாந்தில் வேதத்தைத் தங்கள் மொழியில் ஒளித்து வாசித்தவர்கள். பூசையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுவதில்லை, அப்பமாகவே இருக்கிறது, பாவத்தைக் குருவிடம் சொல்லத் தேவையில்லை, இறந்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதில் பயனில்லை என்றார்கள். போர் கிறிஸ்துவுக்கு விரோதம் என்றும் சொன்னார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் இருந்ததாகச் சொன்னீர்கள். பத்திரிகைக்காக நாற்பது வருடம் ஊரெல்லாம் கேள்வி கேட்ட நான், உங்களிடம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

பிறகு நம் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போவதை நிறுத்தினீர்கள். யாத்திரை பஸ்ஸுக்கும் வரமாட்டேன் என்றபோது, ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் றீற்றா மாமி, "நீ வராட்டிலும் பரவாயில்லை, உன்ரை இடியப்பத்தை அனுப்பு. அது இன்னும் கத்தோலிக்கம்தான்" என்றாராம். சிரித்துக்கொண்டே ஒரு பெட்டி நிறைய அவித்துக் கொடுத்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தீர்கள். "தம்பி, நான் செத்தாப் பிறகு எனக்காக ஒருத்தரும் மன்றாட வேண்டாம். அறிவித்தலிலை அதை எழுதிவிடு. நீ எழுதினால் சனம் நம்பும்."

ஓம் என்றேன்.

உங்கள் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். பிறந்த ஊர், வசித்த இடம், உறவுகளின் பெயர்கள், எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். கடைசி வரியில் மட்டும், எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினேன்: அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடவும். கை தவறி அல்ல. கோவில் சனம் என்ன சொல்லும் என்று பயந்தேன். அதைவிட, மன்றாட ஒருவரும் இல்லாமல் போகும் உங்கள் ஆன்மாவை நினைத்து உண்மையாகவே பயந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசையும் நடந்தது. அனிற்றா பின்வரிசை வாங்கில் இருந்தாள். முழந்தாளிடவில்லை. வாசலில் என்னிடம், "மாமா, அம்மா உங்களிட்டைத்தானே சொன்னவா?" என்றாள்.

அடுத்த மாதம் ஆண்டு நினைவு. பூசைக்கு நேரம் கேட்க றீற்றா மாமி தொலைபேசியில் அழைத்தார். பூசை இல்லை என்றேன். "அப்ப அவளை அப்பிடியே விடுறதோ?" என்றார். எனக்குள்ளும் அதே கேள்விதான், அக்கா.

ஆண்டு நினைவு அறிவித்தலில் நீங்கள் சொன்னதே வரும். முன்பு நான் எழுதியது உங்கள் விருப்பமல்ல என்பதும் என் பெயரோடு வரும். அது எனக்குப் பெரிய காரியமில்லை.

பெரிய காரியம் வேறு. தினமும் காலையில் ரயிலில் செபமாலை சொல்லும்போது உங்கள் பெயர் தானாக வாயில் வந்துவிடுகிறது. என் நம்பிக்கை மாறவில்லை. இருந்தும் வாக்குத் தருகிறேன்: நாளையிலிருந்து அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

சொல்கேட்கப் பிந்திய
உங்கள் தம்பி