பளபளத்துத் திரும்பி வந்த நாற்காலி

கை விரலில் இன்னும் வெள்ளைப் பசையின் புளித்த வாடை இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாடையோடுதான் உமக்கு இதை எழுதுகிறேன்.

காலையில் என் தேக்கு நாற்காலியின் முன்கால் கழன்று கையோடு வந்துவிட்டது. பசை வாங்க மல்காஜ்கிரி கடைத்தெருவுக்குப் போனேன். வெள்ளைப் பசை கேட்டால், கடைக்காரர் "வோ நக்கோ சாப்" என்று நொடியில் ஒட்டும் சின்னக் குழாயை நீட்டினார். ஒன்றை வேண்டாம் என்று சொல்லி இன்னொன்றை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அந்தக் குழாய் உம்முடைய கட்சி. செருப்பு, மூக்குக்கண்ணாடி, சாமி படம் எல்லாவற்றையும் அதில்தான் ஒட்டுவீர். மரத்துக்கு அது நிற்காது, வெள்ளைப் பசை தடவி, கயிறு போட்டு இறுக்கி ஒரு நாள் விட வேண்டும் என்று நான் சொன்னால், "ஒரு காலை ஒட்டுததுக்கு ஒரு நாளா வே? காவலுக்கு ஆள் போடுவீரோ?" என்பீர்.

வெள்ளைப் பசையையே வாங்கினேன். மூடி யாரும் திறக்காததுதானா, தேதியை அழித்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான்.

இந்த நாற்காலி மேல் எனக்கு வெகுநாள் சந்தேகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்த அயலூரில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் நாம். உம் மகளின் வளைகாப்பன்று அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் நன்றாக இராது என்று நீர்தான் இதைத் தூக்கிக்கொண்டு போனீர். சடங்கு முடிந்ததும் உம்முடைய கனத்த மச்சான் இதில் சாய்ந்து வெற்றிலை போட்டதை நான் பார்த்தேன். மறுநாள் தருவதாகச் சொன்னவர் ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தீர். அதுவும் எண்ணெய் பூசித் துடைத்து, நான் கொடுத்தபோது இல்லாத பளபளப்போடு. இரவல் வாங்கினவன் சும்மா ஒரு பொருளைப் பளபளக்க வைப்பானா?

உடைந்ததா என்று கேட்டேன். "நாக்காலி நிக்கத்தான செய்யுது? உக்காரும் வே" என்றீர். ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தால் சோபாவை விட்டு நகர மாட்டீர். நான் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் உம் கண் அதன் காலுக்குப் போகும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டுவிட நினைத்தேன். நீர் என் கையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினீர். ஒளித்ததைச் சொல்லாமலே போய்விட்டீரே என்ற கோபம், துக்கத்தோடு துக்கமாக எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. சுரண்டத்தான் வேண்டும். கத்தியை விட்டுச் சுரண்டினபோது, கால் செருகும் இடத்தை இறுக்குவதற்காகச் சுற்றியிருந்த துணி ஒன்று விறைத்துப்போய் வெளியே வந்தது. அதன் ஓரத்தில் பச்சைக் கரை. பச்சைக் கரை வேட்டி தவிர வேறு வேட்டியில் உம்மை நான் பார்த்ததில்லை. பிடிபட்டீர்.

ஆனால் ஒட்டியிருந்தது உம் குழாய்ப் பசை இல்லை. என் வெள்ளைப் பசை. காலில் கயிறு போட்டு இறுக்கிய தடமும் இருந்தது. கேலி செய்துகொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டு வைத்திருந்திருக்கிறீர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதிதாகச் சுற்ற ஒரு துணி வேண்டும். உம் வீட்டுக் கதவைத் தட்டி, பழைய வேட்டி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். உம் மனைவி உள்ளே போய் ஒரு வேட்டியை எடுத்துவந்தார். அதன் கரை ஓரம் ஏற்கெனவே நீளமாகக் கிழிந்திருந்தது.

"வளைகாப்பு முடிஞ்ச சூட்டோட கிழிஞ்சது அண்ணாச்சி. எலி கடிச்சிட்டுன்னு சொன்னாவ. எலி இப்படி நேரா கடிக்குமா?" என்றார். கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

இத்தனை வருஷம் நான் தேடிய சாட்சி, அந்தப் பச்சைத் துண்டு, அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"எலிதாம்மா" என்றேன்.