அப்பா நம்பிய குரல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. அப்பா மாத்திரையை நிறுத்தி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

என் எண்ணை நீ தடுத்துவைத்திருக்கிறாய், தெரியாத எண் என்றால் எடுப்பதும் இல்லை. போன மாதம் உன்னைக் கண்டபடி திட்டினேன், ஒத்துக்கொள்கிறேன், என் வாய் அப்படி. உன் அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண் தேனொழுகப் பேசி, "சொல்லிடறோம் மேடம்" என்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் கூரியர். நாளைக் காலை உன் கையில் இருக்கும் என்றார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கவேண்டும் என்று அந்த ஆளிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். பிரிக்காமல் மேஜையில் போட்டுவிடாதே. என்னைத் திட்டுவதென்றால் படித்துவிட்டுத் திட்டு.

நீ குரல் கொடுத்த அந்த வீடியோதான் விஷயம். முகம் கிடையாது, குரல் மட்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையால் நண்பனுடைய அப்பா செத்துப்போனார் என்று ஒருவன் சொல்கிறான். பின்னால் வயலின் இழுக்கிறது. கடைசியில் தன் சொந்த அப்பாவிடம் கெஞ்சுகிறான். "அந்த மாத்திரைய விட்டுடுங்கப்பா. நீங்க எனக்கு வேணும்பா." அதோடு முடிகிறது.

முதலில் அது என் கடைக்குத்தான் வந்தது. ஒரே வாரத்தில் மூன்று பேர் பிரிக்காத மாத்திரை அட்டைகளை மருந்துக்கடைக் கவுன்டரில் வைத்து, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதில் ஒரு அம்மாள் கண் கலங்கி, "பாவம், அந்தத் தம்பி எப்படி அழுதாரு தெரியுமா?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டாவது வார்த்தையிலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. என் தம்பிதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். "எழுதிக் கொடுக்கறாங்க, படிக்கிறேன். நான் என்ன டாக்டரா?" என்றாய். நன்றாக இருக்கிறது நியாயம்.

அது அப்பா கண்ணில் படாது என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி. அவர் போனில் மருந்து, மூட்டுவலி, நடைப்பயிற்சி என்று பார்ப்பவர். அந்தப் போனே கொண்டுவந்து நீட்டிவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், "வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று அவர் கேட்டதும், நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதும் எனக்கு மறக்கவில்லை. அவருடைய இதயத்தில் உலோக வால்வு வைத்தபோதுகூட நீ வரவில்லை, அவரும் உன்னைக் கேட்கவில்லை. அப்பனும் பிள்ளையும் பிடிவாதத்தில் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. அப்படிப்பட்டவர் நான்கு வருஷம் கழித்து உன் குரலைக் கேட்கிறார். அது அழுகிறது. அப்பா என்று கூப்பிடுகிறது. அவர் தினமும் போடுகிற மாத்திரையின் பெயரையே சொல்லி விடச்சொல்கிறது. அவர் என்ன நினைப்பார், நீயே சொல்.

நேரில் பேச ரோஷம் விடவில்லை, அதனால் பிள்ளை இப்படிச் சொல்லி அனுப்புகிறான் என்கிறார். அது எழுதிக் கொடுத்து வாசித்தது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். சிரிக்கிறார். "முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். சத்தத்தை வச்சே எந்த மாடியில என்ன பழுதுன்னு சொல்லுவேன். எம்பிள்ளை அழுகை நெஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாதா?"

அதோடு விட்டாரா? வீடியோவுக்குக் கீழே ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் அவரும் எழுதியிருக்கிறார். "மகனே, நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். அப்பா." அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் விழுந்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் எவனோ எல்லாருக்கும் போடுகிற இதயம். எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. அதைத் திறந்து திறந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

டாக்டரிடம் ஓடினேன். நாள் கணக்கெல்லாம் சொல்ல முடியாது, வால்வில் ரத்தம் கட்டினால் எந்த நிமிடமும் அடைத்துக்கொள்ளும், உடனே கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார். காபியில் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று கேட்டேன். ரத்தத்தைச் சோதிக்காமல் கொடுப்பதும் ஆபத்து என்று என்னையே அதட்டினார். ஆம்புலன்ஸை வரவழைத்தேன். அப்பா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, தன் சம்மதமில்லாமல் யாரும் தொடக்கூடாது என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். வந்தவர்கள் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வால்வு கடிகாரம் மாதிரி சத்தம் போடும். அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். சத்தம் மந்தமானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். இன்று காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று கேட்டேன். நேற்று மாதிரி இல்லை. என் பயம்தான் அப்படிக் கேட்கிறதோ என்னவோ. மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அது பிரமை இல்லை.

தம்பி, உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தக் கடைசி வரியை வாசித்தபோது நீ யாரை நினைத்தாய்? நடிப்பு என்று அப்பாவுக்கு நிரூபிக்கத்தான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "வேணும்பா" என்கிற இடத்தில் உன் தொண்டை அடைக்கிறது. அப்பாவின் காது ஏமாறவில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மாத்திரையில்தான் ஏமாந்துவிட்டார்.

அதனால் படித்த கையோடு அவரைக் கூப்பிடு. அவர் எண் மாறவில்லை. விளக்கமெல்லாம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். யாரும் எழுதிக் கொடுக்காததைப் பேசு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். நான் சொன்னால் கத்துகிறேன் என்கிறார், டாக்டர் சொன்னால் வியாபாரம் என்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாடகைக் கார் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். அதைப் பார்க்க அவரும் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத, ஆனாலும் உன்னைத் தவிர வேறு வழி தெரியாத
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அப்பா வந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். உனக்கு என்றேன். தானும் ஒன்று சொல்வதாகவும் அதை அப்படியே எழுதவேண்டும் என்றும் சொன்னார். "அவன் சொன்னபடியேதான் நடந்துக்கறேன்னு எழுதும்மா. என்னைப் பத்திக் கவலைப்படாம நல்லாத் தூங்கச் சொல்லு." எழுதிவிட்டேன்.