ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு

ஜூலை 3
மழை. என் புருஷன் க்ளைவ் மெருகுக்கு அரக்கு பூசிய பியானோ மூடியில் மறுபடியும் பால் கொட்டியதுபோல வெள்ளை படிந்துவிட்டது. துணியைத் தரையில் வீசினான். "இந்த மெத்தோ ஸ்பிரிட்ல பாதி தண்ணி, டெல். அரக்கு எப்படித் தெளியும்?" கல்யாணமான நாளிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற மெத்தோ என்ற எரிசாராயத்தில்தான் அரக்கைக் கரைக்கிறான். இத்தனை பியானோவும் அதில்தான் தெளிந்தன.

ஜூலை 6
நல்ல ஸ்பிரிட் கிடைத்துவிட்டதாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜின் சாராயம் காய்ச்சுகிற ரோவீனாவிடம். புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு பட்டறையைத் தனியாகவே நடத்துகிறாள்.
"காசு வேணாம்னுட்டா, டெல். சும்மாவே குடுத்தா."
சும்மா யார் எதைக் கொடுப்பார்கள்?

ஜூலை 10
இந்த வாரம் மழையில்லை. மூடி பளபளக்கிறது, அதில் என் முகம் தெரிந்தது. ரோவீனாவும் என் வயதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளுக்கு நரை அழகாக இருக்கிறது. எனக்கு நரை நரையாகத்தான் இருக்கிறது.

ஜூலை 15
ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கிவர ஒரு பிற்பகல் முழுக்க. "ஜின் வடியறதைப் பாத்துட்டு இருந்தேன்" என்கிறான். பார்த்துக்கொண்டு நிற்க அதென்ன அருவியா? பொறாமை என்றே எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூலை 16
ஸ்பிரிட்தானே வேண்டும்? நானே தேடுகிறேன். மருந்துக்கடையில் ஒன்று வாங்கி, அரக்கைக் கரைத்து, உடைந்த நாற்காலிக் காலில் தேய்த்தேன். மங்கல். பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் தண்ணீர் கலந்தது என்று போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஜூலை 19
ஹோபார்ட் நகரத்துக்குப் போனேன். மரமெருகுக் கடைக்காரர் பொறுமைசாலி.
"மெத்தோல தண்ணி கொஞ்சம்தான்மா இருக்கும். ஈரக் காத்துல தேச்சா வெள்ளை படியும். வெயில் நாளாப் பாத்துத் தேய்க்கச் சொல்லுங்க."
"ஜின் காய்ச்சுறவங்க வெச்சிருக்கிற ஸ்பிரிட்?"
"அதுலயும் கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணிதான்."
மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார்.
அப்படியானால் எதற்காக அங்கே போகிறான்? தண்ணீரே இல்லாத ஸ்பிரிட்டும் இருக்கிறதாம், பெரிய டின்னாகத்தான் தருவார்கள். வாங்கிவிட்டேன். டின்னைக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி ஓட்டிவந்தேன்.

ஜூலை 20
"இவ்வளவு எதுக்கு?"
"உனக்குத்தான். இனிமே அலைய வேணாம் பாரு."
அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். "தேங்க்ஸ், டெல்" என்றான். பியானோவின் கால்களுக்கு இதைத்தான் கலந்தான். தூறலிலும் கண்ணாடி மாதிரி வந்தது. அவனே தடவிப் பார்த்துவிட்டுத் துணியை மடித்து வைத்தான்.

ஜூலை 24
அவன் எங்கேயும் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

ஜூலை 27
நேற்று சாயங்காலம் அவனுடைய பாட்டிலை டின்னிலிருந்து நானே நிரப்பி வைத்தேன், கழுத்து வரைக்கும்.
இன்று காலை தலையைப் படிய வாரிக்கொண்டு, அதே பாட்டிலோடு வந்து நின்றான். காலி.
"ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு, டெல். ரோவீனா பட்டறை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."
"டின்னு இருக்கே?"
"அது வேற. கடைசிப் பூச்சுக்கு இதுதான் சரிப்படும்."
போய்ட்டு வான்னு சொன்னேன். வேறென்ன சொல்ல?
வண்டி போனதும் துணி துவைக்க வீட்டுக்குப் பின்னால் போனேன். தொட்டியில் ஸ்பிரிட் நெடி கண்ணை எரித்தது. பாட்டிலில் நான் நிரப்பிய அவ்வளவையும் அதில் கொட்டியிருக்கிறான். அவசரத்தில் குழாயைக்கூடத் திறந்துவிடவில்லை, பாவி.
உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தொட்டியைக் கழுவிவிட்டு என் துணிகளை மட்டும் துவைத்துக் காயப்போட்டேன். அவன் சட்டைகளைக் கூடையோடு வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறேன்.