குலுக்கிக் கொடுக்கும் மருந்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டுவிட்டேன். போன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்” என்கிறாய். உன்னுடைய அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். இதை மீட்டிங்கிலும் படிக்கலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்த தாளில் கண்டுபிடிப்பாளர் என்று உன் பெயர் அச்சாகியிருந்ததே, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறாள். பால்காரர் முதல் மீட்டர் பார்க்க வருபவர் வரை எல்லோரையும் நிறுத்தி, “எம் புள்ள புதுசா மருந்து கண்டுபிடிச்சிருக்கான்” என்கிறாள். முதல் நாள் நானும் பெருமையோடுதான் எட்டிப் படித்தேன். அதில் இருந்தது என் கைவேலை என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது.

வலிப்பு மாத்திரையைப் பொடி செய்து, முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது. இது எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான் தினமும் செய்கிற வேலை. மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைகளுக்கு வேறு வழி இல்லை. குழைக்காமல் ஊற்றினால் ஒரு மாதத்துக்கான பாட்டிலில் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் வாரம் வலிப்பு நிற்காது, கடைசி வாரம் குழந்தை மயங்கியே கிடக்கும். நீ லீவில் வந்தபோது என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாய். ஏன் முதலில் கிளிசரின் என்று கேட்டாய், சொன்னேன். யார் கேட்டாலும் சொல்வேன். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் எனக்குச் சொன்னார், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போனிலேயே எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாய், மேலதிகாரி முதுகில் தட்டியிருப்பார், அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியாமல் போயிருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா.

காப்புரிமையே கூடாது என்று கத்துகிற ஆள் நான் இல்லை. ஒருவன் இராப்பகலாக உழைத்து இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறான், அதன் சூட்சுமத்தை ஊரறியச் சொல்கிறான், பதிலுக்குச் சில வருஷம் அவன் மட்டும் விற்கட்டும். நியாயமான கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் இதில் நீங்கள் ஊருக்குக் கொடுத்தது என்ன? ஊரிடம் இருந்ததை எடுத்து ஊருக்கே பூட்டுப் போடுகிறீர்கள்.

சில மாதம் முன்பு உங்கள் கம்பெனி எங்கள் பெரிய டாக்டருக்கு எழுதியிருக்கிறது. உரிமை கிடைத்த நாளிலிருந்து நாங்கள் கலக்கக் கூடாதாம், பாட்டிலை அவர்களிடமே வாங்க வேண்டுமாம். அவர்கள் சொல்லும் விலைக்கு எங்கள் வார்டில் பாதிப் பேருக்குக்கூட வாங்க முடியாது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று நானா பொறுக்கியெடுப்பது? மருந்து ஜன்னலில் கை நீட்டும் அம்மாக்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டோம். உரிமை கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாமாம், அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் காப்புரிமை அலுவலகத்தில், “நாங்க தேடிப் பாத்தோம்மா, இது எங்கயும் அச்சுல இல்லையே” என்கிறார்கள். எப்படி இருக்கும்? பால் காய்ச்சுவது எப்படி என்று எவராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார்களா? எழுதியிருக்க வேண்டும், எழுதாதது இப்போது எங்கள் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அச்சில் இல்லாவிட்டாலும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியப் புழக்கத்தில் இருந்தது என்று காட்டினால் போதும் என்கிறார் எங்கள் வக்கீல். அதற்காக அம்மாக்கள் சாட்சி சொல்ல வருகிறார்கள். ஒருத்தி, “அஞ்சு வருஷமா நான் குலுக்கிக் குலுக்கிக் குடுக்குற மருந்த இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாமா?” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “நிறுத்திடுவாங்களாக்கா?” என்று கேட்டாள்.

பாட்டிலுக்குள் என்ன இருந்தது, எப்படிக் கலந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று உங்கள் வக்கீல் மடக்குவார். நான் சாட்சி சொன்னால், ஆஸ்பத்திரிக்காரி அப்படித்தான் சொல்வாள் என்பார். போனில் கேட்டுக்கொண்ட ஆஸ்பத்திரிகளோ வம்பு வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டன. குழைத்ததைக் கண்ணால் பார்த்த வெளியாள் நீ ஒருவன்தான்.

இது கம்பெனிக்கு எப்படிப் போனது என்று எங்கள் வக்கீல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சை மாற்றிவிடுகிறேன். உன் அத்தான், “அவன் வேலை போயிடும், யோசிச்சுக்கோ” என்கிறார். யோசிக்கிறேன், ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று நினைக்கிறேன். அடுத்த நிமிஷமே வார்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

வருகிற புதன்கிழமை விசாரணை. அதிகாரி முன்னால் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். அதற்குள் நீயே சொல்லிவிடு. அக்காவின் மருந்தகத்தில் பார்த்தேன் என்று ஒரு வரி போதும். வேலை போனால் பெண்டாட்டி பிள்ளையோடு நேராக இங்கே வா. இருக்கிற இரண்டு அறையில் ஒன்று உங்களுக்கு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொண்டேன். தம்பி, உன் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே.

உன் அக்கா