எஸ்டிமேட் என்று ஒரு காகிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்த முறை கை வரவில்லை.

டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், அம்மாவின் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று போனில் சொன்னேனே, அது பொய். டாக்டர் இருந்தார். இரண்டு வாரத்துக்குள் செய்தாக வேண்டும், தாமதித்தால் பார்வை திரும்பாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லித்தான் கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே ஒரு காகிதம் கொடுத்தார்கள். மேலே எஸ்டிமேட் என்று போட்டு ஒரு பெரிய தொகை, கீழே பொடி எழுத்தில் அட்வான்ஸ், இன்ஷூரன்ஸ், ரீஃபண்ட் என்று என்னென்னவோ. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்குத் தெரிந்தது டிக்கெட் சார்ஜும் ஃபைனும்தான். டிக்கெட்டில் போட்டிருப்பதை முழுசாகக் கொடுத்தால்தான் வண்டியில் இடம், அதே கணக்கை அங்கேயும் போட்டுவிட்டேன். கையில் அதில் கால்வாசிகூட இல்லை. கேட்டிருக்கலாம். சந்தேகம் கேட்ட பயணிகள் எத்தனை பேர் மேல் நான் எரிந்து விழுந்திருக்கிறேன், கவுண்டர் பெண்ணும் என்னை அப்படிப் பார்த்துவிடுவாளோ என்று வாய் திறக்கவில்லை. உன்னிடம் கேட்கவும் மனசு வரவில்லை, வீட்டுக்கடனுக்கே நீ திணறுகிறாய். டாக்டர் வெளியூர் கிளம்புகிறார் என்று அம்மாவிடமும் சொல்லித் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

இன்று காலை அவள் டம்ளர் இருக்கிறது என்று நினைத்து வெந்நீரைக் கைமேலேயே ஊற்றிக்கொண்டாள். களிம்பு வாங்கப் போன இடத்தில் மனசு கேட்காமல் அந்தக் காகிதத்தை நீட்டினேன். மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எஸ்டிமேட் என்பது பில்லே இல்லையாம், உத்தேசமாக இவ்வளவு ஆகலாம் என்று சொல்வதாம். முதலில் அட்வான்ஸ் கட்டினால் போதுமாம், மீதியை நம் கார்டுக்கு உள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனியே கட்டிவிடுமாம், நாம் கட்டியதில் மிஞ்சினால் திருப்பித் தருவதுதான் ரீஃபண்டாம். அந்த அட்வான்ஸ் அன்றைக்கு என் சட்டைப்பையிலேயே இருந்தது. பன்னிரண்டு நாளைத் தொலைத்துவிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். பார்வை மீளுமா என்றேன், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். நீயாவது புரியாத காகிதம் வந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடு.

கடிதத்தின் அடியில் அம்மா எப்போதும் இரண்டு வரி எழுதுவாளே, இன்று அவளுக்கு எழுத்தே தெரியவில்லை. முழுசாகப் படித்துக் காட்டுங்கள், என் வரியை நான் சொல்கிறேன் என்று எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஒரு வரி விடாமல் படிக்கப் போகிறேன். மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா சொல்ல நான் எழுதியது: உங்கப்பா என்னைப் பாதி வழியில இறக்கி விட்டுட்டாரு. நாளைக்கு ஏத்திக்கிறாராம். படிக்கும்போது காகிதம் நடுங்கின சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீ அவரைத் திட்டாத, அதுக்கு நான் இருக்கேன்.